எழுத்துக்கு முந்திய கல்வி

மூன்று வயது நிறையாத குழந்தையின் கையில் எழுதுகோலைக் கொடுத்து, ஏட்டின் பக்கங்களை நிரப்பச் செய்வதே கல்வி என்ற எண்ணம் பெருநகரங்களின் எல்லையை என்றோ கடந்துவிட்டது. இராமநாதபுரம் மாவட்டம் கமுதி வட்டத்தில், கரிசலும் கண்மாயும் சீமைக்கருவேலமும் சூழ்ந்த அபிராமம் போன்ற ஊர்களையும் அது வந்தடைந்திருக்கிறது. மாசி, பங்குனி வெயிலில் மிளகாய்ப் பழம் பறித்துச் சேர்த்த கூலியிலும், கடல் கடந்து உழைப்போர் அனுப்பும் பணத்திலும் பெற்றோர் மழலையர் வகுப்புக்குக் கட்டணம் செலுத்துகின்றனர். மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம், "இன்று என்ன எழுதினாய்?" என்று கேட்கின்றனர். எதன்மீது ஏறினாய், எவ்வளவு தொலைவு ஓடினாய், பந்தைப் பிடித்தாயா என்று கேட்பார் அரியர்.

இதைச் சிறு குறை என்று விட்டுவிட இயலாது. பிறப்பு முதல் ஆறு வயது வரை தவழ்தலும் நடத்தலும் ஏறுதலும் எறிதலும், பாடங்களுக்கு இடையே போனால் போகிறதென்று விடப்படும் ஓய்வுப் பொழுதுகள் ஆகா. அவ்வயதுக்கு அவையே பாடம். பின்னாளில் எழுதப்போகும் கையையும், வகுப்பில் நிமிர்ந்து அமரப்போகும் முதுகையும், வரி பிறழாது படிக்கப்போகும் கண்ணையும் அவையே ஆயத்தம் செய்கின்றன. அரசும் பள்ளியும் பெற்றோரும் இவ்வுண்மையை ஏற்று, எழுத்துக்கு முன் இயக்கத்துக்கு இடமளிக்க வேண்டும் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது.

இந்த உண்மை தமிழருக்குப் புதியதன்று. குழந்தையின் உடல் வளரும் ஒழுங்கைக் கண்டு, அதையே ஓர் இலக்கிய வகையாக அமைத்துக்கொண்ட மொழி நம்முடையது. திருவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் கண்ணனின் செங்கீரையையும் சப்பாணியையும் தளர்நடையையும் முறைப்படுத்திப் பாடினார். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மையைக் குழந்தையாக்கினார். நபிகள் நாயகம்மீதும் பிள்ளைத்தமிழ் எழுந்தது. சமயம் மாறினாலும் குழந்தை வளரும் வரிசை மாறவில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் செங்கீரை, சப்பாணி, வருகை, சிற்றில், சிறுபறை, சிறுதேர் என ஆறு, நேரே உடலியக்கத்தைக் கொண்டவை. பெண்பாற் பிள்ளைத்தமிழில் வரும் கழங்கும் அம்மானையும் எறிந்து பிடிக்கும் திறத்தைச் சுட்டுவன. ஊசல், உடல் தன் சமநிலையைத் தானே காத்துக்கொள்ளும் பயிற்சி.

செங்கீரைப் பருவத்தைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். ஐந்தாம் திங்களளவில் குழந்தை ஒரு காலை முடக்கி, ஒரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி முகம் அசைய ஆடுவதே செங்கீரை. இன்றைய குழந்தை மருத்துவர் இதே நிலையில் கழுத்து நிற்கிறதா, தோள் உடலின் பாரத்தைத் தாங்குகிறதா, இரு பக்கமும் ஒத்து இயங்குகின்றனவா என்று பார்க்கிறார். ஒன்பதாம் திங்களளவில் வரும் சப்பாணியில் குழந்தை பிறர் பிடியின்றி அமர்ந்து இரு கைகளையும் நடுவே கொணர்ந்து கொட்டுகிறது. முதுகு தானே நின்றாலன்றிக் கைகள் இரண்டும் விளையாட்டுக்கு விடுபடா. ஓராண்டு நிறையும் தறுவாயில் வருகை. அதன்பின் தேர் இழுக்கவும் பறை முழக்கவும் கைகால்கள் துணிகின்றன. கழுத்திலிருந்து கால் வரையிலும், தோளிலிருந்து விரல் வரையிலும் வலிமை படிப்படியாக இறங்கி வரும் இவ்வரிசையைப் புலவர்கள் தொட்டிலருகே கண்டனர்.

அதே வரிசையை உலக நலவாழ்வு நிறுவனம் அளவுகோல் கொண்டு அளந்தது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் அந்நிறுவனம் முடிவுகளை வெளியிட்டது. துணையின்றி அமர்தல் 3.8 முதல் 9.2 திங்களுக்குள், தவழ்தல் 5.2 முதல் 13.5 திங்களுக்குள், தனியே நிற்றல் 6.9 முதல் 16.9 திங்களுக்குள், தனியே நடத்தல் 8.2 முதல் 17.6 திங்களுக்குள். நலமுடன் வளர்ந்த அக்குழந்தைகளிலேயே 100க்கு 4 பேர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்டனர். இவ்வெண்கள் இரு பாடங்களைத் தருகின்றன. பக்கத்து வீட்டுக் குழந்தை பத்துத் திங்களில் நடந்தது, நம் குழந்தை பதின்மூன்றிலும் நடக்கவில்லை என்று தாய் கலங்க வேண்டியதில்லை. இயற்கையின் வாயில் அகலமானது. ஆனால் அவ்வாயிலுக்கும் ஒரு கடைசி எல்லை உண்டு. ஒன்றரை வயதாகியும் நடவாத குழந்தையைப் பார்த்து, "அவன் அப்பனும் மெதுவாகத்தான் நடந்தான்" என்று ஆறுதல் கூறி நாளைக் கடத்துவது தவறு. அக்குழந்தையை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

தமிழ்நாடு குழந்தைக்குச் சோறிட்ட மாநிலம். 1975இல் நாட்டில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளும், 1980இல் தமிழகத்தில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் இம்மண்ணின் பசியை எதிர்த்து நின்றன. இன்று 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இம்மாநிலத்தில் இயங்குகின்றன. எனினும் 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் 100க்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதையும், ஆறு திங்கள் நிறைந்தோருள் 57 பேருக்குக் குருதிச்சோகை இருப்பதையும் காட்டியது. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தை சோர்ந்து கிடக்கும். சோர்ந்து கிடக்கும் குழந்தை சுற்றுப்புறத்தைத் தேடிப் போகாது. தேடிப் போகாத குழந்தையின் தசையும் அறிவும் ஒருங்கே பின்தங்கும்.

உணவு மட்டும் இச்சுழலை உடைத்துவிடுமா என்ற வினாவுக்கு ஜமைக்கா நாட்டிலிருந்து விடை கிடைத்தது. அந்நாட்டின் கிங்ஸ்டன் நகரில், 9 முதல் 24 திங்கள் வரையுள்ள, வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை நான்கு குழுக்களாக்கினர். ஒரு குழுவுக்கு ஊட்டவுணவு; ஒரு குழுவுக்கு, வாரந்தோறும் நலப்பணியாளர் வீட்டுக்கே சென்று, வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த விளையாட்டுக் கருவிகளைக் கொண்டு தாயும் சேயும் ஆடும் ஒரு மணிநேரம்; மூன்றாம் குழுவுக்கு இரண்டும்; நான்காம் குழுவுக்கு இரண்டுமில்லை. இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1991இல் முடிவு வெளியானபோது, உணவும் பயன் தந்தது, விளையாட்டும் பயன் தந்தது, இரண்டும் சேர்ந்தபோது பயன் மிகுந்தது என்பது தெரிந்தது. இருபதாண்டு கழித்து, விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்களின் ஊதியம் பெறாதவர்களைவிட 25 விழுக்காடு மிகுந்திருந்ததாக 2014இல் மற்றோர் ஆய்வு கூறியது. உணவிட்டு இயக்கத்தை மறுப்பது, கண்மாய் நிறைந்தும் மடையைத் திறவாது வைத்திருப்பதற்கு ஒப்பாகும்.

வீடுகளில் நேரும் மாற்றத்தையும் குறிப்பிட வேண்டும். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவரின் முக்கால் சிறுதேரைக் காட்டுகிறது. அண்மைக்காலம் வரை தச்சர் செய்து தந்த மூன்று சக்கர நடைவண்டி அதன் வழித்தோன்றல் எனலாம். அதைப் பிடிக்கக் குழந்தை முதலில் தானே எழுந்து நிற்க வேண்டும். தள்ளினால் வண்டி முன்னே நழுவும். நழுவும் வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்க வேண்டும். திண்ணையில் முட்டினால் தூக்கித் திருப்ப வேண்டும். தன் பாரத்தைத் தன் காலே தாங்கும். இன்று கடையில் வாங்கும் வாக்கரிலோ குழந்தை துணி இருக்கையில் தொங்கிக்கொண்டு, நுனிக்காலால் தரையை உந்துகிறது. அமர்ந்தபடி நகர்வதற்கும் நின்று நடப்பதற்கும் வேறுபாடு உண்டு. படிக்கட்டிலும் அடுப்படியிலும் நேர்ந்த விபத்துகளைக் கண்ட கனடா, 2004இல் அவ்வாக்கர்களின் விற்பனையையே தடை செய்தது. நம் ஊர்களில் அது இன்னும் பிறந்தநாள் பரிசாக வழங்கப்படுகிறது. அதற்கடுத்த கருவி கைப்பேசி. அடம்பிடிக்கும் குழந்தையை அசையாது அமர்த்த அதைவிட எளிய வழியில்லை என்பதே அதன் தீமை. ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு மூன்று மணிநேரமேனும் உடலை இயக்கி விளையாட வேண்டும் என்றும், இரண்டு வயதுக்குப் பின்னும் திரை பார்க்கும் நேரம் ஒரு மணியை மீறலாகாது என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வரையறுத்தது.

இனி எழுத்துக்கு வருவோம். நான்கு வயதுக் குழந்தை ஒன்று 'அ' எழுதுவதை அருகிருந்து பாருங்கள். எழுதுகோலை விரல் நுனியால் பற்றாமல் கைமுட்டியால் இறுக்கிக்கொள்கிறது. விரல் அசையாததால் முழங்கையும் தோளும் சேர்ந்து அசைகின்றன. சுழியை முடிக்கும் முன் ஏட்டின் கோடு கடந்துபோகிறது, தாள் கிழிகிறது, நாக்கு வெளியே துருத்துகிறது. ஆசிரியர் அழித்துத் திரும்ப எழுதச் சொல்கிறார். அக்குழந்தையிடம் கவனக்குறைவு ஏதுமில்லை. அதன் கை இன்னும் ஆயத்தமாகவில்லை. மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்பாகவே இருக்கின்றன. முதலாண்டில் இரண்டு இறுகத் தொடங்கும். பின் ஒவ்வொன்றாக இறுகி, ஏழாவது எலும்பு இறுகத் தொடங்க ஏறத்தாழ ஆறு வயதாகிறது. வட்டத்தைப் பார்த்து வரைய மூன்று வயதும், கூட்டல் குறிக்கு நான்கும், சதுரத்துக்கு நாலரை முதல் ஐந்தும், முக்கோணத்துக்கு ஐந்துக்கு மேலும் ஆகும் என்பது குழந்தை வளர்ச்சியை ஆராய்ந்தோர் கண்ட பொது வரிசை. சதுரம் வராத கைக்கு 'ப'வும் 'ட'வுமே கடினம். சுழியும் வளைவும் கோடும் ஒருங்கே அமைந்த 'அ', 'இ', 'ஞ' ஆகியவற்றை அந்தக் கையிடம் கேட்பது முறையாகாது.

தோள் உறுதிப்பட்டாலன்றி மணிக்கட்டு நிலைபெறாது. மணிக்கட்டு நிலைபெற்றாலன்றி விரல் நுணுக்கம் கைவராது. எனவே எழுத்துப் பயிற்சியின் முதற்படி கயிற்றைப் பிடித்துத் தொங்குவதும், மண்ணைத் தோண்டுவதும், மாவு பிசைவதும், நெல்லையும் பயற்றையும் விரலால் பிரிப்பதுமே. நம் திண்ணைப் பள்ளிகள் இதை அறிந்திருந்தன. அங்கே குழந்தை முதலில் மணலைப் பரப்பி, விரலால் எழுதியது. விரலே எழுதுகோலானபோது பற்றும் இடர்ப்பாடு இல்லை. பிழைத்தால் கையால் தடவி அழித்துவிடலாம். சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் இம்மணலெழுத்தைக் கண்டு வியந்து, தம் பள்ளியில் புகுத்தி, 1797இல் இலண்டனில் நூலாக்கினார். இங்கிலாந்து அதைச் சென்னை முறை என்று ஏற்றுக்கொண்டது. 1939இல் அடையாறு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்நாட்டில் தங்கிய மரியா மாண்டிசோரியும் குழந்தைக்கு முதலில் ஏட்டைத் தரவில்லை. நீரூற்றவும் பொத்தான் போடவும் கோட்டின்மீது தடுமாறாது நடக்கவும் பயிற்றினார். கடற்கரையும் மணலும் உடைய ஒரு மாவட்டத்தில் குழந்தைக்கு மணல் மறுக்கப்படுவது விந்தை.

"தெருவில்தான் குழந்தைகள் ஓடுகின்றனவே, இதற்கென ஒரு கல்வி எதற்கு?" என்று வினவுவோர் உளர். ஓடுதல் இயல்பாக வரலாம். நொண்டுதல், குறிபார்த்து எறிதல், வரும் பந்தைப் பிடித்தல், தாண்டி நிலைகுலையாது நிற்றல் ஆகியவை வாய்ப்பும் பழக்கமும் இல்லையேல் முதிர்வதில்லை. பாண்டியாட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஓட்டாஞ்சில்லைக் கட்டத்துக்குள் விழுமாறு எறிய, கண்ணும் கையும் தொலைவைக் கணித்தாக வேண்டும். ஒற்றைக்காலில் தாவி, கோட்டை மிதியாது இறங்க, தாவலின் விசையை அளந்தாக வேண்டும். அந்த ஒற்றைக்காலிலேயே குனிந்து சில்லை எடுத்து நிமிர, உடல் தன் நடுநிலையை மீட்டாக வேண்டும். எண்ணும் வரிசையும் முறைகாத்தலும் உடன் வருகின்றன. இதை ஐந்து வயதில் ஆடத் தெரிய, மூன்று வயதில் இரு காலாலும் குதிக்கவும், நான்கில் கோட்டின்மீது நடக்கவும் யாரேனும் இடமும் ஊக்கமும் அளித்திருக்க வேண்டும். எந்தக் குழந்தை விழுகிறது, எது ஒதுங்கி நிற்கிறது, எதன் ஒரு பக்கம் சோர்கிறது என்று பார்க்கும் கண் உடனிருக்கும்போது விளையாட்டு கல்வியாகிறது.

சட்டம் இதில் எவ்வளவு தொலைவு துணை நிற்கிறது? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டிடம் வேண்டும் என்கிறது. ஆனால் அவ்வுரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. உடற்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநரையும் ஆறாம் வகுப்புக்கு மேல், 100 மாணவருக்கு மிகுந்த பள்ளிகளுக்கே அது விதிக்கிறது. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரி 1920இல் சென்னையில் தோன்றியது. அந்நூற்றாண்டுப் பாரம்பரியம் மூன்று வயதுக் குழந்தையின் முற்றத்தை இன்னும் எட்டவில்லை. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், 2022இல் வந்த அடிப்படைக் கட்டத்துக்கான கலைத்திட்டமும் மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டுவழிக் கல்வியையே முன்வைக்கின்றன. கொள்கையின் பிற கூறுகளில் கருத்து வேற்றுமை இருக்கலாம். இதில் இருக்க இடமில்லை. தமிழக அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்வித் திட்டத்தின் பெயரே 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்பது. பெயரில் உள்ள ஆட்டம் முற்றத்துக்கு வர வேண்டும்.

அம்முற்றங்களின் நிலைமையே நம் கவலை. அபிராமத்தைச் சூழ்ந்த வறள்நிலத்தில் திறந்த வெளிக்குக் குறைவில்லை. குழந்தை வெறுங்காலோடு ஓடத்தக்க வெளிக்கே குறைவு. சீமைக்கருவேலமுள் காலில் தைக்கும். சித்திரை வெயிலில் தரை சுடும். நிழல் தரும் வேம்பு அருகில் இராது. பணியாளர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் சமையலையும் எடை பார்த்தலையும் பதிவேட்டையும் கைப்பேசிச் செயலியையும் கவனித்த பின், குழந்தைகளை வெளியே அழைத்துச் சென்று ஆட்டுவிக்க அவர்களுக்கு நேரம் கிடைப்பது அரிது. அறைக்குள் அமர்ந்து கைதட்டிப் பாடுவதோடு இயக்கம் முடிகிறது. தாய் காட்டுவேலைக்குச் செல்லும் வீட்டில், மீதிப்பொழுது மூத்த குழந்தையின் இடுப்பிலோ கைப்பேசியின் முன்னோ கழிகிறது. தம் பங்குக்கு மேல் உழைக்கும் அப்பணியாளரைக் குறைகூறிப் பயனில்லை. அவர் சுமையைக் குறைப்பதும், இயக்க விளையாட்டை நடத்த அவருக்குப் பயிற்சி தருவதும் துறையின் கடமை.

வளர்ச்சி பின்தங்கிய குழந்தைகளை இக்கல்வி முதலில் சென்றடைய வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, வளர்ச்சித் தாமதத்தை முற்படக் கண்டு சிகிச்சையளிக்க மாவட்டந்தோறும் மையம் அமைய வேண்டும் என்பது நெறி. 2022 சனவரியில் இராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆயினும் கமுதி வட்டத்துத் தாய் மாவட்டத் தலைநகருக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாரந்தோறும் வர, ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். பயிற்சி இடையிலேயே நின்றுபோக வேறு காரணம் தேட வேண்டியதில்லை. தென்காசி அருகே ஆய்க்குடியில், தாமே கழுத்துக்குக் கீழ் உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் நிறுவிய அமர் சேவா சங்கம் இதற்கு வழிகாட்டியுள்ளது. பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளர் குழந்தையின் வீட்டுக்கே சென்று, தாய்க்குப் பயிற்சிமுறைகளைக் கற்பித்து, தொலைவிலுள்ள வல்லுநரின் வழிகாட்டலைச் செயலி வழியே பெறுகின்றனர். ஆய்க்குடியில் இயன்றது அபிராமத்தில் இயலாததாகாது.

ஆகவே நாம் கோருவன இவை. அபிராமம் பேரூராட்சியிலும் கமுதி வட்டத்து ஊராட்சிகளிலும் உள்ள ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் முள் நீக்கி, நிழலமைத்து, மணல் பரப்பிய முற்றம் வேண்டும். தாழ்ந்த மரப்பலகை, கயிறு, துணிப்பந்து ஆகியன அங்கே இருத்தல் வேண்டும். காலையில் வெயில் ஏறுமுன்னும் மாலையில் தணிந்த பின்னும் இயக்க விளையாட்டுக்கென நேரம் வரையறுக்கப்பட வேண்டும். பெண் குழந்தைகளும் மாற்றுத்திறன் குழந்தைகளும் அதில் ஒதுக்கப்படலாகாது. ஐந்து வயதுக்கு முன் எழுத்து வீட்டுப்பாடம் அரசு, தனியார் என்ற வேறுபாடின்றி நிறுத்தப்பட வேண்டும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கே வீட்டுப்பாடம் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இல் கூறியிருக்க, மழலையர்க்கு அதைத் தருவதற்கு நியாயமில்லை. தடுப்பூசிக்கு வரும் ஒவ்வொரு முறையும், தாய்சேய் அட்டையில் அச்சிட்டுள்ள வளர்ச்சிப் படிகள் சரிபார்க்கப்பட வேண்டும். பின்தங்கிய குழந்தைக்குப் பயிற்சி அதன் ஊரிலேயே கிடைக்க வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் வேண்டியதில்லை, பெருஞ்செலவும் இல்லை. மாவட்ட ஆட்சியரும் பேரூராட்சி மன்றமும் குழந்தை வளர்ச்சித் துறையும் ஒருமுறை சேர்ந்து அமர்ந்தால் முடியும் செயல். வரும் கல்வியாண்டு தொடங்குமுன் அதை அவர்கள் செய்து முடிக்க வேண்டும். பெற்றோரும் தம் பிள்ளைகளின் பள்ளிகளில் ஏடு எத்தனை என்று கேட்பதற்கு முன், முற்றம் எங்கே என்று கேட்க வேண்டும்.